பூச்சி மாத்திரை: வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?

மருந்துக்கடையில் ஒற்றை ஆல்பெண்டசோல் மாத்திரையை வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். கடைக்காரர் "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்பார். வீட்டில் பாட்டி "பூச்சி மருந்துன்னா வெறும் வயித்துலதான், அப்பதான் பூச்சிக்கு உறைக்கும்" என்பார். பக்கத்து வீட்டில் தலையில் கட்டி என்று அதே மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தவர், "எனக்கு நெய் ஊத்திச் சாப்பிட்டுப் போடச் சொன்னாங்க" என்பார். பாட்டி சொன்னது பழைய மருந்துகளுக்குப் பொருந்திய விதி. கடைக்காரர் சொன்னது இன்றைய ஒற்றை மாத்திரைக்குச் சரி. நெய் ஊற்றிச் சாப்பிட்டவர் சொன்னதும் அவர் நோய்க்குச் சரி. மாத்திரை ஒன்றாகவே இருந்தாலும், அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு வேறு.

ஒவ்வொரு மருந்தையும் எப்படி எடுப்பது, ஏன் அப்படி என்று கீழே விவரமாக இருக்கிறது. அளவுகள் பொதுவான விவரத்துக்காக. உங்கள் சீட்டில் மருத்துவர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படியே எடுங்கள். உங்கள் எடை, ஈரல் நிலை, கூட எடுக்கும் மாத்திரைகள் எல்லாம் தெரிந்து எழுதியவர் அவர்தான்.

புழு எங்கே இருக்கிறது?

கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி ஆகியவற்றின் வளர்ந்த புழுக்கள் குடலுக்குள் இருப்பவை. வாய் வழியாகப் போகும் மருந்து குடலில் இறங்கும்போதே அவற்றைத் தொட்டுவிடும். ரத்தத்தில் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், கலக்காமல் குடலிலேயே தங்குவதுதான் நல்லது.

மூளையில் உள்ள நாடாப்புழுக் கட்டி, ஈரலில் உள்ள நீர்க்கட்டிப் புழு, ரத்தத்தில் உள்ள மலேரியாக் கிருமி, தோலின் மேலடுக்கில் உள்ள சொறிப்பூச்சி ஆகியவற்றைத் தாக்க மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போயாக வேண்டும். இங்கேதான் உணவு பெரிய வித்தியாசம் செய்கிறது. இந்த மருந்துகளில் பல தண்ணீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. நாம் கொழுப்புள்ள உணவைச் சாப்பிட்டால் பித்தநீர் சுரக்கும். அந்தப் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கும்போது மருந்தும் அதனுடன் கரைந்து உள்ளே போகும். வெறும் வயிற்றில் போட்ட மருந்தின் பெரும்பகுதி கரையாத தூளாகவே நகர்ந்து மலத்தோடு வெளியே போய்விடும்.

வயிற்றைப் புரட்டுகிற மருந்துகள் மூன்றாவது வகை. அவற்றைச் சாப்பிட்ட பிறகு எடுக்கச் சொல்வதற்குக் காரணம் குமட்டலைக் குறைப்பதுதான். உணவால் அவை உறிஞ்சப்படும் அளவு பெரிதாக மாறாது. டைஎத்தில்கார்பமசின் (யானைக்கால் மருந்து), மெட்ரோனிடசோல் மாத்திரை (அமீபா மருந்து), பிரைமாகுயின் (மலேரியா மருந்து) இந்த வகை.

வெறும் வயிறு என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது

பாட்டியின் சொல்லுக்கு ஒரு காலத்தில் உயிரைக் காக்கும் காரணம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்தவை தைமால், கெனோபோடியம் எண்ணெய் போன்றவை. ஓமத்தை நசுக்கினால் வரும் மணம் இருக்கிறதே, அதுதான் தைமால். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அந்தக் காலத்து முறைப்படி முந்தின இரவு லேசான சாப்பாடு, பேதி உப்பு, காலையில் வெறும் வயிற்றில் மருந்து, பிறகு மறுபடியும் பேதி. எண்ணெயும் சாராயமும் அண்டவே கூடாது. தைமால் ரத்தத்தில் கலந்தால் நஞ்சு, கொழுப்போடும் சாராயத்தோடும் அது வேகமாகக் கலக்கும். மருந்து குடலில் மட்டும் நின்று வேலை செய்துவிட்டு உடனே வெளியேற வேண்டும் என்பதற்கே அத்தனை பட்டினியும் பேதியும்.

ஆல்பெண்டசோலுக்கு இது எதுவும் தேவையில்லை. பட்டினி கிடக்க வேண்டாம், விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம், மறுநாள் பேதிக்கு எதுவும் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஊட்டம் குறைந்த குழந்தையைப் புழு மருந்துக்காகப் பட்டினி போட்டுப் பேதியும் ஆக்கினால் அதன் உடம்பில் நீர் வற்றிப்போகும். அதனால் வருகிற ஒரே பலன் அதுதான்.

ஆல்பெண்டசோல், ஒற்றை மாத்திரை (குடற்புழுவுக்கு)

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுப்பது இதுதான். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 400 மி.கி. மெல்லும் மாத்திரை கொடுக்கிறார்கள்.

அளவு எளிது. 2 வயது முடிந்த எல்லோருக்கும் முழு மாத்திரை, அதாவது 400 மி.கி. 1 முதல் 2 வயது வரை பாதி மாத்திரை, 200 மி.கி. மருத்துவர் சொல்லாமல் 1 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. 10 மி.லி. குப்பியில் வரும் திரவ மருந்தில் பொதுவாக 5 மி.லி.க்கு 200 மி.கி. இருக்கும். குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துத்தூள் அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்காமல் மேலே உள்ளதை மட்டும் ஊற்றினால் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர்தான்.

எடுக்கும் முறை:

1. வழக்கமான சாப்பாடு முடியட்டும். இட்லியோ சத்துணவோ போதும், தனியாக நெய்யோ எண்ணெயோ சேர்க்க வேண்டாம். குடலில் உள்ள புழுவைக் கொல்ல மருந்து ரத்தத்தில் ஏறத் தேவையில்லை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டாலும் மருந்து வேலை செய்யும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான்.

2. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தை மாத்திரையைக் கடித்து, மென்று, பிறகு விழுங்க வேண்டும். முழுசாக விழுங்க விடாதீர்கள். மாத்திரை பெரியது, தொண்டையில் நிற்கும். மென்றால் தூளாகிக் குடல் முழுதும் பரவும்.

3. 3 வயதுக்குக் கீழே என்றால் மாத்திரையை ஒரு கரண்டியில் வைத்து இன்னொரு கரண்டியால் நசுக்குங்கள். கட்டியே இல்லாத தூளாக வேண்டும். அதில் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

4. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர்.

மூன்றாவது படியில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அழுகிற குழந்தையைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயில் மருந்தை ஊற்றுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. அழும்போது குழந்தை மூச்சை இழுக்கும், அந்த இழுப்பில் மருந்தும் சேர்ந்து மூச்சுக்குழலுக்குள் போகும். ஆல்பெண்டசோலால் குழந்தைக்கு வரக்கூடிய மிக மோசமான தீங்கு மருந்தின் நஞ்சால் வருவதில்லை, இப்படி மூச்சடைப்பதால்தான் வரும். அழுதால் நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம், நாளைக்கும் கொடுக்கலாம். புழு ஒரே நாளில் எங்கேயும் ஓடிவிடாது.

மாத்திரை போட்ட மறுநாள் மலத்தில் புழு எதுவும் தெரியவில்லை என்று இரண்டாவது மாத்திரை வாங்க வருபவர்கள் உண்டு. ஆல்பெண்டசோல் புழுவை உடனே அடித்து வீழ்த்துவதில்லை. புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்து, பட்டினியால் மெதுவாகச் சாகவைக்கிறது. அதற்குச் சில நாள் ஆகும். செத்தது சிதைந்தும் போகலாம். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், அது கண்ணில் படாது. தெரியாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள்.

கீரிப்பூச்சி மட்டும் தனி. முட்டைகளை மருந்து நம்பகமாகக் கொல்வதில்லை, அதனால் 2 வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். ஒருவரின் நகத்தடியிலும் படுக்கையிலும் உள்ள முட்டை, மருந்து எடுத்த இன்னொருவருக்குத் திரும்ப வந்துவிடும். இதில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை விட, நகம் வெட்டுவதும் காலையில் உள்ளாடை மாற்றுவதும்தான் பலன் தரும்.

யார் போடக் கூடாது: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள், காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தை (அது தேறியதும் கொடுக்கலாம்). எப்போதாவது வலிப்பு வந்தவர் என்றால், மாத்திரை போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். மூளையில் தெரியாமல் இருக்கும் கட்டியைச் சுற்றி மருந்தால் வீக்கம் வந்து வலிப்பு வரக்கூடும்.

அதே ஆல்பெண்டசோல், நாள்கணக்கில்

இங்கே எல்லாம் தலைகீழ். மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவருக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 15 மி.கி. என்று கணக்கிட்டு, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஈரல் நீர்க்கட்டிக்கு 400 மி.கி. இரண்டு வேளை, 28 நாள், பிறகு 14 நாள் இடைவெளி, இப்படி மூன்று சுற்று என்பது வழக்கமான முறை. இது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது. மூளைக் கட்டிக்கு ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் சேர்த்தே கொடுப்பார்கள், புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் வரும் என்பதற்காக.

ஆல்பெண்டசோல் வெறும் வயிற்றில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சுமார் 40 கிராம் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால், ரத்தத்தில் வேலை செய்யும் அதன் வடிவமான ஆல்பெண்டசோல் சல்ஃபாக்சைடு 5 மடங்கு வரை உயர்கிறது. காலையில் காபியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுபவர் சரியான மாத்திரையைச் சரியான எண்ணிக்கையில்தான் எடுத்திருப்பார், ஆனால் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு. பல வாரம் கழித்து ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கும். அப்போது மருந்தைக் குறை சொல்வதற்கு முன் தட்டில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்.

40 கிராம் கொழுப்பு நம் சாப்பாட்டில் எவ்வளவு? இட்லியிலும் சோற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயிலோ நெய்யிலோ 13, 14 கிராம். துருவிய தேங்காய் 30 கிராமில் சுமார் 10. ஒரு முட்டையில் 5. நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில் சுமார் 14. முழுக் கொழுப்புப் பால் 200 மி.லி.யில் 12, நீலப் பாக்கெட் போன்ற சமன்படுத்திய பாலில் 6. ஆக, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு தோசை, கெட்டித் தேங்காய்ச் சட்னி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் முழுப்பால் என்றால் 40ஐத் தொட்டுவிடும். இரவில் இரண்டு இட்லியும் சாம்பாரும் என்றால் 5 கூட வராது. அதே இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த பொடியும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஒவ்வொரு வேளையும் 40 கிராம்தான் என்று துல்லியமாக அளக்கத் தேவையில்லை. அது ஆய்வில் வைத்த அளவு. வேளைக்கு வேளை ஏறக்குறைய ஒரே மாதிரி கொழுப்பு இருப்பதுதான் முக்கியம். ஒரு நாள் பிரியாணி, மறுநாள் ரசஞ்சோறு என்றால் ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பித்தப்பைக் கல், கணைய வீக்கம், இதய நோய் உள்ளவர்கள் கொழுப்பைத் தாங்களே கூட்டாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்குச் சாதாரண உணவோடு எடுத்தாலே மருந்து அளவு அதிகமாக ஏறக்கூடும்.

சாப்பாடு முடிந்த கையோடு மாத்திரையைப் போடுங்கள், அல்லது பாதிச் சாப்பாட்டில் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் நன்மை குறைந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உணவைத் தவிர வேறு சிலவும் இதில் குறுக்கிடும். ஃபெனிடாய்ன், கார்பமசெபின், ஃபெனோபார்பிடோன் ஆகிய வலிப்பு மருந்துகள் ரத்தத்தில் ஆல்பெண்டசோலைக் குறைத்துவிடும். மூளைக் கட்டி உள்ளவர்கள் அவற்றைத்தான் அடிக்கடி எடுக்கிறார்கள். ஆல்பெண்டசோலுக்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. எடுக்கிறேன் என்று மருத்துவரிடம் சொன்னால் போதும். ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனும் கிரேப்ஃப்ரூட் சாறும் அளவைக் கூட்டும். பம்பளிமாசும் கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவு என்பதால் இந்த நாட்களில் அதையும் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்களையும் ஈரலையும் பரிசோதிக்க வேண்டும். "மாத்திரை ஒத்துக்கொள்கிறது, ஒன்றும் செய்யவில்லை" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெள்ளையணு குறைவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது.

ஐவர்மெக்டின்: ஒரே மாத்திரைக்கு மூன்று விதி

மக்களை அதிகம் குழப்புவது இந்த மருந்துதான், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. மாத்திரையோடு வரும் தாளில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கச் சொல்லியிருக்கும். தோல் மருத்துவர் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்வார். யானைக்கால் ஒழிப்புப் பணியாளரும் சாப்பிட்ட பிறகுதான் போடச் சொல்வார்.

கொழுப்பு அதிகமுள்ள உணவோடு எடுத்தால் ஐவர்மெக்டின் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறுகிறது. ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்ற குடற்புழுவுக்கு மருந்து முதலில் சோதிக்கப்பட்டபோது வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். அந்த அளவே புழுவைக் கொன்றது. எனவே தாளில் அப்படியே எழுதப்பட்டது. சொறிக்கு எதிரி தோலின் மேலடுக்கில் இருக்கிறது. அங்கே போதுமான மருந்து சேர வேண்டும் என்பதால் உணவோடு கொடுக்கிறார்கள். யானைக்காலுக்கு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது கூட வரும் டைஎத்தில்கார்பமசின் வெறும் வயிற்றில் குமட்டும், அதனால் சாப்பிட்ட பிறகு.

புழுவுக்கு என்றால்: காலை எழுந்ததும், அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு. அதன்பின் 1 மணி நேரம் சாப்பிட வேண்டாம். ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.கி.

சொறிக்கு என்றால்: அதே அளவு, சாப்பாட்டோடு, 7 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறை. முட்டைகளை ஐவர்மெக்டின் கொல்லாது. பொரித்து வரும் குஞ்சைப் பிடிக்கத்தான் இரண்டாவது வேளை. முதல் வேளைக்குப் பிறகு அரிப்பு குறைந்ததும் இரண்டாவதை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் வீடே மறுபடி சொறியும். மாத்திரை போடும் அன்றே துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை நடக்கட்டும்.

15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை மனிதர் எடுக்கவே கூடாது. அதன் செறிவு மாட்டின் எடைக்குக் கணக்கிட்டது, அளவு மீறினால் நரம்பைத் தாக்கும்.

யானைக்கால் மாத்திரை

டைஎத்தில்கார்பமசினை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று வீடு வீடாக வருபவர்கள் சொல்வது சரி. அளவு 2 முதல் 5 வயதுக்கு 100 மி.கி., 6 முதல் 14 வயதுக்கு 200, 15க்கு மேல் 300. அதோடு ஒரு ஆல்பெண்டசோல். 2 வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகள், கடும் நோயில் படுத்திருப்பவர்கள் வேண்டாம்.

போட்ட அன்று இரவு காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி சிலருக்கு வரும். ரத்தத்தில் இருந்த நுண்புழுக்கள் சாவதால் வரும் எதிர்வினை இது. புழுக்கள் அதிகம் இருந்தவருக்கே அதிகம் வரும். ஒன்றுமே இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பாராசிட்டமாலும் ஓய்வும் போதும், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். இதைக் கேள்விப்பட்டுப் பயந்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுபவர்களால்தான் ஒரு தெருவில் நோய் நீடிக்கிறது. பணியாளர் முன்னாலேயே விழுங்கச் சொல்வதும் அதனால்தான். அவர் வரும் நேரத்துக்கு முன் சாப்பிட்டு வைத்திருங்கள். இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊரே சேர்ந்து மாத்திரையை விழுங்கியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அமீபா, ஜியார்டியா (வயிற்றுப்போக்கு தரும் குடல் கிருமிகள்)

மெட்ரோனிடசோல் மாத்திரையைச் சாப்பிட்ட உடனே எடுங்கள். உணவு அதன் உறிஞ்சலைத் தாமதப்படுத்துமே தவிரக் குறைக்காது, குமட்டலை மட்டும் குறைக்கும். வாயில் செம்பைச் சப்பியது போன்ற சுவை வரும், மருந்து முடிந்ததும் போய்விடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் திரவ மருந்துக்கு விதி வேறு. கசப்பை மறைக்க அதில் மருந்தின் பென்சோயேட் வடிவத்தைச் சேர்த்திருப்பார்கள். அது சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு கொடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். அப்பாவுக்கு மாத்திரை, பிள்ளைக்குத் திரவம் என்று ஒரே நோய்க்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் எடுக்கும்போது, இருவருக்கும் சாப்பிட்ட பிறகே கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை.

டினிடசோல் 2 கிராம் ஒரே வேளையாகப் போடுவதாக இருந்தால் நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், நான்கு 500 மி.கி. மாத்திரை வெறும் வயிற்றில் நிற்காது. மெட்ரோனிடசோல், டினிடசோல் இரண்டுக்கும் மது கூடாது, மருந்து முடிந்த பிறகும் 3 நாள் கூடாது. நைட்டசாக்சனைடு கட்டாயம் உணவோடு. உணவோடு எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மலேரியா: ஒரு டம்ளர் பால்

ஆர்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின் மாத்திரைக்கு உணவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே எண் போதும். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுக்கும்போது லூமெஃபான்ட்ரின் உறிஞ்சப்படுவது, பட்டினியாக எடுப்பதை விடச் சுமார் 16 மடங்கு. வெறும் வயிற்றில் எடுத்தவருக்குக் காய்ச்சல் முதலில் விட்டுவிடும், ஏனென்றால் ஆர்டிமெத்தர் வேகமாக அடிக்கும். மிச்சமுள்ள கிருமியைத் துடைக்க வேண்டிய லூமெஃபான்ட்ரின் போதாமல், சில வாரத்தில் காய்ச்சல் திரும்பும்.

காய்ச்சலில் கிடப்பவர் எண்ணெய்த் தோசை சாப்பிட முடியாது, சாப்பிடவும் வேண்டாம். 1.2 கிராம் கொழுப்பு, அதாவது சுமார் 36 மி.லி. சோயாப்பாலே பெரும்பகுதி உறிஞ்சலுக்குப் போதும் என்று ஆய்வில் தெரிந்தது. பசும்பால் அரை டம்ளர் என்றாலே அதைத் தாண்டிவிடும். வெறும் கஞ்சி மட்டும் உதவாது, அதில் பாலையோ ஒரு தேக்கரண்டி நெய்யையோ சேருங்கள்.

35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 20/120 மி.கி. மாத்திரை (ஆர்டிமெத்தர் 20, லூமெஃபான்ட்ரின் 120) வேளைக்கு 4, ஆறு வேளை, மொத்தம் 24. நேரக் கணக்கு 0, 8, 24, 36, 48, 60 மணி. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் அடுத்தது நள்ளிரவு தாண்டி 2 மணி. பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாவது வேளைதான். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், பாலைக் காய்ச்சிக் கட்டிலருகே மூடி வைத்துவிடுங்கள். அதன்பிறகு மறுநாள் மாலை 6, பிறகு 12 மணிக்கு ஒருமுறை, நான்காம் நாள் காலை 6 மணியோடு முடியும். விழுங்கி 1 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை முழுதாகத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் மாத்திரை கேட்டு வாங்குங்கள், அடுத்த வேளைக்கு உள்ளதை எடுத்துவிட்டுக் கடைசி வேளையை விட்டுவிடாதீர்கள்.

டைஹைட்ரோஆர்டிமிசினின்-பிப்பராகுயின் இதற்கு நேர் எதிர். கொழுப்பு பிப்பராகுயினை அளவுக்கு மீறி ஏற்றி இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கும். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத் தண்ணீரோடு மட்டும், அதன்பின் 3 மணி நேரம் சாப்பிடாமல் எடுக்க வேண்டும். இரண்டும் "மூன்று நாள் மலேரியா மாத்திரை" என்ற ஒரே பேச்சில் வரும். அட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டே பாலை எடுங்கள்.

குளோரோகுயினும் பிரைமாகுயினும் சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் பிரைமாகுயின் வயிற்றைப் பிசையும், அந்த வலியால் சிலர் 14 நாள் மாத்திரையை இடையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பிரைமாகுயினுக்கு முன் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) பரிசோதனை செய்திருக்க வேண்டும். மாத்திரை எடுக்கும்போது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். மெட்ரோனிடசோலின் நிறமாற்றத்தைப் போல இதைக் கடந்து போகக் கூடாது.

மற்றவை

மெபெண்டசோல், பைரண்டல் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குடற்புழுவுக்கு உணவால் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டைப்புழு, நாடாப்புழு மருந்தான பிராசிகுவான்டெலைச் சாப்பாட்டின் நடுவில், மெல்லாமல், நிறையத் தண்ணீரோடு சட்டென்று விழுங்குங்கள். நாக்கில் கரைந்தால் அதன் கசப்பே வாந்தியை வரவழைக்கும். இதற்குக் கொழுப்பை விடச் சோறு போன்ற மாவுச்சத்து அதிகம் உதவுகிறது என்பது பலருக்குத் தெரியாது. நிக்லோசமைடு மறுபக்கம்: லேசான சிற்றுண்டிக்குப் பிறகு நன்றாக மென்று தூளாக்கி விழுங்க வேண்டும், அது குடலிலேயே நின்று நாடாப்புழுவைத் தாக்கும் மருந்து.

வேளை தவறினால், வாந்தி எடுத்தால்

நாள்கணக்கில் எடுக்கும் மருந்தில் ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் உணவோடு எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். மலேரியா மருந்தில் மட்டும் எந்த வேளையையும் விட்டுவிட முடியாது, தவறியதும் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒற்றை ஆல்பெண்டசோல் போட்டுச் சில நிமிடத்தில் வாந்தி வந்து, அதில் மாத்திரைத்தூள் தெரிந்தால், குழந்தை தெளிந்த பிறகு இன்னொன்று கொடுக்கலாம். அதைக் கொடுத்த செவிலியரிடமோ பள்ளியிலோ சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்த வாந்திக்குப் பொதுவாக மறுவேளை தேவைப்படாது.

உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு, கண் மஞ்சளாவது, நாள்கணக்கில் ஆல்பெண்டசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டைப்புண்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.